டீ ஆறும் வரை

நூருன்னிசா குடியிருந்த நாலாம் மாடி வீட்டின் குத்தகை, சமையலறை அலமாரியில் இருந்த ஒரு கோப்பை டீ ஆறும் வரை செல்லும். டீ ஐம்பத்தெட்டு வருஷமாக ஆறவில்லை.

பத்திரம் எழுதிய அன்று நடந்தது இதுதான். கட்டடத்தின் கீழே இருந்த டீக்கடையில் வீட்டுக்காரர் தண்டபாணியும் நூருன்னிசாவின் மாமனாரும் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை வருஷத்துக்கு என்று பத்திர எழுத்தர் கேட்டார். அப்போதுதான் நாக்கைச் சுட்டுக்கொண்ட தண்டபாணி, கோப்பையைத் தள்ளிவைத்து, "ஆறட்டும்" என்றார். எழுத்தரோ காதில் விழுந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிற வம்சம். எழுதிவிட்டார். ஆறு வருஷம் என்று எழுதியிருந்தாலும் தேவலையே என்று தண்டபாணி பிற்பாடு புலம்பினார். படிக்காமல் கையெழுத்துப் போட்டவரால் புலம்பத்தான் முடியும். மாமனார் கோப்பையைக் கையோடு மாடிக்குக் கொண்டுபோனார்.

அதன் பிறகு யாங்கோனில் தெருக்களின் பெயர் மாறியது, நோட்டுகள் இருமுறை செல்லாமல் போயின, தலைநகரமே வடக்கே குடிபெயர்ந்தது. குத்தகை மட்டும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. மருமகளாக வந்த நூருன்னிசா, அந்த டீயின் ஆவியில் கணவனின் லுங்கிச் சுருக்கத்தை நீக்கினாள். கணவர் இனாயத்துல்லா குடை பழுது பார்ப்பவர்; "ம்" என்ற ஒரே எழுத்தை வைத்து முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர். வேறு எழுத்துக்கு அவள் இடம் கொடுத்ததில்லை. அவள் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால், ஆற்றின் அக்கரைக்கு, டாலாவுக்குப் போன படகு ஆள் ஏற்றித் திரும்பி வந்த பிறகும் முன்கதையில்தான் இருப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஆவி மெலிந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். பொறுக்கிற சூடு. இந்த நாலு சுவரைத் தவிர அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அடுப்பில் வைத்துச் சுடவைக்கலாமா என்று, அந்த எழுத்தரின் மகளும் இப்போதைய எழுத்தருமான சத்யபாமாவிடம் கேட்டாள். சுடவைத்தால் அது வேறு டீ என்று சொல்லிவிட்டாள் சத்யபாமா.

விஷயம் தண்டபாணியின் பேரன் பாலசந்தருக்கு எட்டியது. அந்த இடத்தில் லிஃப்ட் வைத்த கட்டடம் எழுப்ப அவனுக்கு ஆசை. வெள்ளிக்கிழமை சத்யபாமாவையும் அழைத்துக்கொண்டு, மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்தான். கோப்பையில் விரலை விட்டான்.

"ஆறிப்போச்சு அக்கா," என்றான். நல்ல பையன், சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

நூருன்னிசா பேச ஆரம்பித்தாள். மாமனார் த்வாண்டே ஊரிலிருந்து தண்ணீர்ப்பானை சுமந்து வந்ததில் தொடங்கி, பானை மூடி எப்படி உடைந்தது, உடைத்தவளின் நாத்தனார் யாருக்கு வாக்கப்பட்டாள் என்று போனாள். பாலசந்தரின் தமிழ் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. "யபாடே, யபாடே" என்று பர்மியத்தில் பரவாயில்லை சொல்லிப் பார்த்தான். சத்யபாமா பேனாவைத் திறந்து, காலி செய்ய எதுவரைக்கும் அவகாசம் என்று கேட்டாள்.

"அவங்க பேசி முடிக்கட்டும்," என்றான் பாலசந்தர்.

சத்யபாமா அதை எழுதினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பாலசந்தர் தமிழ் படிக்கத் தெரியாதவன். பாட்டன் போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அவர்கள் படி இறங்கிய பிறகு இனாயத்துல்லா பத்திரத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, "ம்" அல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நீ பேசு, நூரு. நிறுத்தாதே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பானை மூடிக் கதையை விடவில்லை.

பாலசந்தர் மாதம் ஒருமுறை வந்து, வாசலில் நின்று பேச்சு முடிந்ததா என்று காது கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறான். நூருன்னிசா ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் இன்சீன் சந்தைக்குப் போகும் நாட்களில் பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். காலியான சமையலறையில் அவள் குரல் நாத்தனாரின் இரண்டாவது பிரசவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். இனாயத்துல்லா குடைக் கம்பியை வளைத்தபடி, போட வேண்டிய இடத்தில் "ம்" போடுகிறார்.