இது மட்டும் போகட்டும்

கார் வாங்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கணவர் உத்தமனைக் கேட்டால் அந்தக் கார் தானாகவே அவரைத் தேடி வந்தது போலப் பேசுவார். அவருக்கு வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பேங்கில் வேலை, நடந்தே போய்விடுவார். ராமமூர்த்தி நகரிலிருந்து வைட்ஃபீல்டுக்குப் போக வேண்டியது நான். டின் ஃபேக்டரி ஸ்டாப்பில் லாரிப் புகைக்கு நடுவே கம்பெனி பஸ்ஸுக்காக நின்று நின்று அலுத்துப்போய், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் எடுத்தேன். 2005 பொங்கலுக்குக் கருநீலத்தில் கார் வந்தது. ஆயுதபூஜையும் வந்துவிட்டது, நான் இன்னும் டின் ஃபேக்டரியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் வந்த சில நாட்களிலேயே அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் யாரோ பைக்கை ஒட்டி நிறுத்தி, இடது பக்கக் கதவில் ஹேண்டில்பார் உரசிவிட்டது. ஒரு விரல் நீளம். குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். இவர் துக்கம் விசாரிக்க வந்தவர் போல அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "முதல்ல இத எடுத்துடலாம் இளா, அப்புறம் நீ ஓட்டு" என்றார். இளவேனில் என்ற என் பெயரை அவர் இளா என்று சுருக்கினால் ஏதோ கெஞ்சப் போகிறார் என்று அர்த்தம். நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் டென்சில் என்பவர் வீட்டு ஷெட்டிலேயே கார்களுக்கு பாலிஷ் போடுகிறார். கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்த்து, நகம் மாட்டவில்லை, மேலாகத்தான் விழுந்திருக்கிறது, தேய்த்தால் போய்விடும் என்றார். காம்பவுண்ட் என்கிற பசையை வைத்து மெஷினால் தேய்த்தார், பாலிஷ் போட்டார், கார் முழுக்க மெழுகும் பூசினார். கீறல் இருந்த இடமே தெரியவில்லை. நான் சாவிக்குக் கை நீட்டினேன். மெழுகு இறுக ஒரு நாள் விடுங்கள் என்று டென்சில் சொன்னதை இவர் ஒரு மாதமாக்கினார்.

அதற்குள் காரின் கூரை மேல் பூனை நடந்துவிட்டது. அப்புறம் டிக்கியில் ஒரு கோடு. அப்புறம் பின் பம்பரில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேஸ்மென்டுக்கு இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவார். தன் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேட்கும் மனிதர், பானெட்டுக்கு ஒரு துணி, கதவுக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி என்று தனித்தனியாகத் துவைத்து மடித்து வைத்திருந்தார். விருந்தாளிகள் கதவில் கை வைத்தால் மோதிரம் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். மழையில் ஒருமுறை என்னைக் கூட்டிப்போக வந்தவர், குடைக் கம்பி பட்டுவிடும் என்று தள்ளி நின்றே குடையை மடக்கச் சொல்லிவிட்டார். அந்த மெழுகை என் தலையில் பூசியிருந்தால் நானாவது நனையாமல் இருந்திருப்பேன்.

ஆனால் ஒரு நாளும் அவர் முடியாது என்று சொன்னதில்லை. என் எரிச்சலே அதுதான். முடியாது என்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "இது மட்டும் போகட்டும்" என்பவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

ஆயுதபூஜைக்கு வாணியம்பாடியிலிருந்து என் மாமியார் ருக்மிணி வந்தார். பூஜைக்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டோம். குத்துவிளக்கு, தாம்பாளம், மணி எல்லாவற்றையும் புளியும் விளக்குப் பொடியும் போட்டுத் தேய்த்து முடித்த பிறகும் அவருக்குக் கை ஓயவில்லை. நாளைக்குப் பொட்டு வைத்து மாலை போடப்போகிற வண்டி மட்டும் தேய்க்காமல் கிடப்பதா? மிச்சப் பொடி, தேங்காய் நார், ஒரு வாளித் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிவிட்டார்.

சாயங்காலம் நான் வந்தபோது பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி என்னவோ படிந்திருந்தது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். அது டென்சிலின் மெழுகு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று. கருநீலம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆசையாகச் செய்த மனுஷியை இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

உத்தமன் வந்தார். பானெட்டை விரலால் தடவினார், குனிந்து பார்த்தார், எச்சில் விழுங்கினார். நான் மாமியாருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"பரவால்லம்மா," என்றார். "பாலிஷ் போட்டா போயிடும்."

அவ்வளவுதான். மேலே போய்க் காபி குடிக்கலாம் என்று லிஃப்ட் பக்கம் திரும்பினார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஒரு விரல் நீளக் கோட்டுக்காக நான் இத்தனை மாதம் லாரிப் புகை குடித்திருக்கிறேன். இங்கே பானெட்டே போய்விட்டது, இவர் காபி கேட்கிறார். அம்மாவைத் திட்டவில்லையே என்று எனக்குக் கோபமில்லை. பெயிண்ட் ஒரு காரணமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்போ நான் ஓட்டிக் கீறல் விழுந்தாலும் பாலிஷ் போட்டா போயிடும்தானே?" என்றேன். "சாவியக் குடுங்க."

இப்போது எதற்கு அது என்று அவர் மழுப்பினார். மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு ஓட்டவே பயம்னு இவன் சொன்னானேம்மா. ஸ்டீரிங்கப் புடிச்சா கை நடுங்குதுன்னு. உங்கப்பாகிட்டகூட அப்படித்தான் சொன்னான்."

அப்பாவிடமா? ஆரம்பத்தில் போன் செய்யும்போதெல்லாம் வண்டி எடுத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தவர், கொஞ்ச நாளாக அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மகள் சங்கடப்படுவாள் என்று விட்டிருக்கிறார்.

"எல்லாரும் ஏன் அவ ஓட்டலன்னு கேட்டாங்க," என்றார் உத்தமன். "ஏதாவது சொல்லணும் இல்ல?"

சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். நானே கையை விட்டு எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. மாமியார் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, பூவும் வாழைக்கன்றும் இன்னும் வாங்கவில்லை, கே.ஆர். புரம் மார்க்கெட்டுக்குப் போகலாம் வா என்று ஈரப் புடவையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். தூண், தூண் என்று இவர் பக்கத்திலேயே ஓடி வந்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"கீறல் விழுந்தா டென்சில் எடுத்துடுவார். எங்கப்பாகிட்ட சொன்னத நீங்க எடுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள போன் பண்ணுங்க."

தூணைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது என் கை நடுங்கத்தான் செய்தது. கோபத்தில். மாமியார் அதைப் பார்த்தார். இந்த பெல்ட்டை எப்படிப் போடுவது என்று கேட்டார்.