எண்பத்தேழு மடங்கு சிறிய காடு

1

இந்தக் கதையை அக்கா வீட்டிலிருந்து திருடினேன். திருடியது அவளுக்குத் தெரியும். வாசித்துக் காட்டியபோது, "என்னை இவ்ளோ அழுமூஞ்சியாவா காட்டுவ?" என்று மட்டும் கேட்டாள். ஆகவே இது இரண்டாவது பிரதி.

முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "விதைக்குள் ஒரு காடு உறங்கிக்கொண்டிருந்த—" அடித்துவிட்டேன். விதைக்குள் எதுவும் உறங்கவில்லை. அத்தான் தும்மினார், பாதி விதை பறந்துபோனது. அதுதான் நடந்தது.

2

அத்தானுக்குப் பல்செட் செய்யும் தொழில். ஓய்வு நேரத்தில், நிஜ அளவில் எண்பத்தேழில் ஒரு பங்காக, ஒரு ரயில் நிலையத்தையும் அதன் பின்னால் ஒரு மலையையும் சாப்பாட்டு மேஜைமேல் கட்டிக்கொண்டிருந்தார். (இரண்டு வருடமாக இருவரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.) மலைக்கு மரம் வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரம் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருந்ததாம். எனவே ஒருவகைச் செடியின் விதையை வரவழைத்தார். முழங்கால் உயரம் வளரும். கிளைநுனி நூல்நூலாகப் பிரியும். வெட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி, பசை தெளித்துப் பச்சைத்தூள் தூவினால் ஒவ்வொரு கிளையும் தனி மரம்.

மூன்று டிரேக்களில் விதைத்து மொட்டை மாடியில் வைத்தார். பகலெல்லாம் அவருக்கு வேலை. தண்ணீர் ஊற்றுவது யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

3

அக்காவை நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன். என் திட்டப்படி அவள் கடைசிவரை சிடுசிடுக்க வேண்டும். முதல் வாரம் சிடுசிடுத்தாள். இரண்டாம் மாதம் செடிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். வேலைவிட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள். (மறுக்கிறாள். செருப்பைக் கழற்றினாளாம்.)

குட்டி ரயில் கட்டுபவர்களின் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கையில் அத்தான் கத்தரிக்கோலோடு மாடியேறினார். அக்கா டிரேக்களை மறைத்து நின்றாள்.

"உசிரைக் கொடுத்து வளர்த்திருக்கேன். தொட்டுப் பாருங்க."

அவர் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். மலையை மொட்டையாகவே கண்காட்சிக்குக் கொண்டுபோனார். இது பாலைவனமா என்று கேட்டவரிடம், வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை என்றாராம்.

4

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் நல்ல எழுத்தாளன். ஆனால் மூன்று வாரத்தில் செடிகளின் இலை மஞ்சளாகப் பழுத்தது. அக்கா தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள், டிரேக்களை நிழலுக்கு மாற்றினாள். ஒரு ஞாயிறு மதியம் எனக்குப் போன் செய்து, தானே கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுதாள். நான் போனபோது அத்தான் அவள் பக்கத்தில் மாடித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஒண்ணும் பண்ணல," என்றார். "அதோட ஆயுசே அவ்ளோதான். விதை விட்டதும் போயிடும்."

"முன்னாடியே தெரியுமா?"

"விதை பாக்கெட்லயே போட்டிருந்துச்சு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா வெட்ட விட்டிருப்பேனே."

"தெரியும். நீ தினமும் மாடியிலேர்ந்து சிரிச்சுக்கிட்டே இறங்கி வந்தே. அதான் சொல்லல."

(இந்த இடத்தில் முதல் பிரதியில் அரைப் பக்கம் இருந்தது. அன்பு என்பது— வேண்டாம்.)

5

காய்ந்ததை அக்காவே வெட்டினாள். பெரும்பாலும் கையிலேயே பொடிந்தது. தேறியவை பதினேழு மரங்கள். மலை இப்போது வழுக்கையில் நாலு முடியைச் சீவிவிட்டதுபோல் இருக்கிறது.

உதிர்ந்த விதையைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். மறுபடி போடலாமா என்று அத்தான் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

முடிவு ஒன்று: விதைக்கிறாள், உரிய நாளில் தானே வெட்டுகிறாள். (வாசித்துக் காட்டினேன். "நானா?" என்றாள்.)

முடிவு இரண்டு: விதையைக் காற்றில் ஊதிவிடுகி— ("கையை உடைப்பேன்.")

அப்படியானால் நீயே எழுது என்று பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"இதை யாரோ படிக்கத்தானே போறாங்க? மூணு மாசம்தான் ஆயுசுன்னு தெரிஞ்சும் அவங்களா இருந்தா விதை போடுவாங்களான்னு கேளு."

கேட்டுவிட்டேன். அக்கா காத்திருக்கிறாள். அத்தான், எதற்கும் இருக்கட்டும் என்று, டிரேக்களில் புது மண் நிரப்பிவிட்டார்.