பட்டுக்கடையில் ஒரு மைக்

1997-இல் தி. நகர் பட்டுப்புடவைக் கடையில் கேமரா மாட்டுவதுதான் தேசப்பனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. முதலாளி பத்ரிநாராயணன் மைக்கும் வேண்டுமென்றார். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் தங்களுக்குள் கிசுகிசுப்பதைக் கேட்டால் வியாபாரத்துக்கு நல்லதாம்.

"போன் பேச்சு அவங்கவங்க அந்தரங்கம்னு சுப்ரீம் கோர்ட்டே போன வருஷம் சொல்லிகீது சார். கேமராவுக்குத் தனிச் சட்டம் இல்ல. ஆனா மைக்ல பேச்சைப் பதிஞ்சு நாளைக்கு கேஸுன்னு வந்தா நீங்கதான் நிக்கணும்."

"மாட்ட முடியாதுன்னா சொல்லுய்யா, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வேலை போய்விடுமே என்ற கவலை தேசப்பனுக்கு இருந்தது. ஆனாலும் விளக்காமல் விட அவனுக்கு மனம் வரவில்லை. சோதனைக்கு மைக்கையும் மாட்டி, கடையில் அரை மணி நேரம் பதிவு செய்து டேப்பை ஓட்டினான். "டேப்பு நடுவுல படம் சாய்கோடா பதியுது சார். சத்தம் ஓரத்துல தனிப் பட்டையா ஓடுது, கேளுங்க."

முதலாளியின் குரலே தெளிவாக ஒலித்தது: "மாமி, இந்தக் கலர்ல இதான் கடைசிப் புடவை." அடுத்த நொடி, அதே குரல் தணிந்து: "குடோன்லேர்ந்து இதே மாதிரி இன்னும் நாலு எடுத்துண்டு வாய்யா."

"இந்த டேப்பு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போச்சுன்னா..." என்று இழுத்தான் தேசப்பன்.

"மைக்கைக் கழட்டுய்யா!"

தேசப்பன் ஒரே ஒரு ஒயரை உருவினான். படம் அப்படியே ஓடியது. முதலாளி காபி வரவழைத்து, மாடிக்கும் இரண்டு கேமரா சொன்னார்.