முதுகில் வைத்துப் போட்ட கையெழுத்து

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பூகாரே ஈரத்தலையோடு வந்து என் மேசை முன்னால் நின்றான்.

"அம் மெஹ்ரெஸ், கடுதாசி?"

மெஹ்ரெஸ் நான்; 'அம்' என்பது என் வயதுக்குத் தரும் மரியாதை. ஆறு வாரமாக இதே கேள்வி. என்னிடமும் ஆறு வாரமாக ஒரே பதில்தான்: இன்ஷா அல்லா, நாளைக்கு. அன்று என்னவோ, அவன் கண்ணைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே, "ஆச்சுப்பா, ஸி ஷெட்லி கையெழுத்துப் போட்டுட்டார்" என்று சொல்லிவிட்டது.

போடவில்லை. கடிதம் என் தோல்பையில் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. 'புர்கினா ஃபாஸோவைச் சேர்ந்த பூகாரே நிக்கியேமா எங்கள் கழகத்தின் ஸ்ட்ரைக்கர். அவருடைய குடியிருப்பு அட்டையைப் புதுப்பித்துத் தருமாறு வேண்டுகிறோம்' என்று நானே தட்டச்சு செய்தது. அடியில் கழகத் தலைவர் ஷெட்லி ஐயாவின் பெயர். அதற்கு மேல் ஓர் அங்குலம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் ஒரு குடும்பம் குடியிருந்தது.

எங்கள் அரபு ஊரில் முகத்துக்கு நேரே 'இல்லை' என்பது ஏறக்குறைய காறித் துப்புவது மாதிரி. கடையில் சரக்கு இல்லையென்றால் 'வந்துக்கிட்டிருக்கு' என்பார்கள். பெண் தர மனமில்லையென்றால் 'படிப்பு முடியட்டும்' என்பார்கள். அவள் படித்து முடித்து நாலு வருஷம் ஆகியிருக்கும். இங்கே பிறந்தவன் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவான். பூகாரே வாகடூகுவில் பிறந்தவன். நம்பிவிட்டான்.

நம்பியதோடு விட்டானா? என் மேசைக்கு முன்னாலேயே போலீஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டு நேரம் வாங்கினான்.

"திங்கக்கிழமை காலைல ஒம்பது மணி. ஸலாமாட்டாவையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க. அன்னிக்கோட என் அட்டை முடியுது, தெரியுமில்ல?"

ஸலாமாட்டா அவன் மனைவி. ஏழு மாதம். அவன் குனிந்து என் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டே போனான். காகிதம் இல்லாத ஆட்களைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த குளிர்காலம் அது. அவனைத் தேடி யாரும் அலையவேண்டியதில்லை; நான் நேரம் குறித்து, மனைவியோடு, வாசலுக்கே அனுப்பி வைத்திருக்கிறேன்.

தலைவர் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்றால், பூகாரே ஒன்பது ஆட்டமாகக் கோல் போடவில்லை. "அவன் கோல் போடட்டும், நான் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா அடுத்த வாரம் அவன் பேரை லிஸ்ட்லேருந்து தூக்கிடலாம்" என்று சொல்லிவிட்டார். ஸி ஷெட்லி எண்ணெய்ச் செக்குகளின் அதிபர், எங்கள் துறைமுகக் கழகத்துக்கு மூன்றாம் முறைத் தலைவர், தன்னைப் பற்றிப் பேசும்போது 'இந்த ஊரின் வரலாறு' என்று தொடங்குகிறவர். வாழ்நாளில் பந்தை ஒரே ஒரு தடவை உதைத்திருக்கிறார், மைதானத் திறப்பு விழாவில். அன்று பந்தைவிட அவருடைய ஷூ தூரமாகப் போயிற்று.

கோல் வரட்டும் என்று அவர் செய்யாதது இல்லை. கோல் கம்பத்தடியில் கிடா வெட்டி, ரத்தத்தில் கையை நனைத்துக் கம்பத்தில் பதித்தார். அதற்கடுத்த ஆட்டத்தில் பூகாரே அடித்த பந்து மிகச் சரியாக அந்தக் கைத்தடத்தில் பட்டு வெளியே போயிற்று. கிடாவைத் தலைவர் வீட்டில் தின்றார்கள்.

ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பூகாரே கோல் போட்டால் 'எங்க பூகாரே'. போடாவிட்டால் 'அந்த ஆப்பிரிக்காக்காரன்'. நாங்களும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறோம் என்பது எங்களுக்கு ஆப்பிரிக்கக் கோப்பை நடக்கும் மாதத்தில் மட்டும் ஞாபகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ஆட்டம். கடல் காற்று, மேகம், எட்டாயிரம் பேர். நான் வழக்கம்போல மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில், பயிற்சியாளர் நூமனுக்குப் பக்கத்தில். என் பதவி மேலாளர். அதாவது பஸ், பூட்ஸ், பாஸ்போர்ட், அப்புறம் போன். அந்தப் போனில் ஒரே ஒரு எண்தான் வரும். ஸி ஷெட்லி மேடையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அழைப்பார். நான் கேட்டு நூமனிடம் சொல்வேன். நூமன் தாடையைத் தடவி யோசிப்பதுபோல் யோசித்துவிட்டு அதையே செய்வார். ஒன்றரை வருஷமாக அந்த மனிதர் சொந்தமாக எடுத்த ஒரே முடிவு காபியில் சர்க்கரையை நிறுத்தியது.

முதல் பாதி ஒன்றுமில்லை. பூகாரே ஓடினான், விழுந்தான், எழுந்தான். ஒரு பந்து தலைக்கு மேலே போயிற்று. ஒன்று கோல்கீப்பர் கையில். மேற்கு வரிசையிலிருந்து ஒருவன், "டேய், உன் காலைக் கழட்டி என்கிட்ட குடுடா, கட்டிலுக்கு முட்டுக் குடுக்கறேன்!" என்று கத்தினான். சிரிப்பு அலை போல் பரவியது. பூகாரே அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் காலுறையைக் குனிந்து சரிசெய்தான். சரியாக இருந்த காலுறையை.

அறுபத்தேழாம் நிமிடம் போன் அடித்தது.

"யா மெஹ்ரெஸ், ஒம்பதை எடு. ஸ்கந்தரை விடு."

ஒன்பது என்பது பூகாரே. ஸ்கந்தர் என்பது தலைவரின் அக்காள் மகன். கழகத்தில் அவனுக்கு இருந்த ஒரே தகுதியும் அதுதான். அவன் ஏற்கனவே மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தான். கோட்டுக்கு அப்பால் பூகாரே அதைப் பார்த்துவிட்டான். பந்து எங்கோ இருக்க, அவன் என்னையே பார்த்தபடி நின்றான்.

"என்ன சொல்றார்?" என்றார் நூமன், சீட்டையும் பேனாவையும் எடுத்தபடி.

திங்கட்கிழமை, ஒன்பது மணி, ஏழு மாதம். என் வாய் மறுபடியும் என்னைக் கேட்கவில்லை.

"ரெண்டை எடுக்கச் சொல்றார். ஸ்கந்தர் உள்ள வரட்டும். பூகாரே இருக்கட்டும்."

"ரெண்டையா? அவன் டிஃபென்ஸ்! வலது பக்கம் அப்புறம் யாரு நிப்பா?"

"அல்லா."

நூமன் தாடையைத் தடவினார். பிறகு சீட்டில் இரண்டு என்று எழுதினார். பலகை உயர்ந்தது. வலப்பக்கத் தடுப்பாளன் நம்பாமல் இரண்டு தடவை தன் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

போன் அடித்தது. எடுக்கவில்லை. ஜேபிக்குள் தள்ளினேன், அங்கே அது மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி துடித்தது. ஓரக்கண்ணால் மேடையைப் பார்த்தேன். ஸி ஷெட்லி எழுந்து நின்று, 'ஆளை மாத்து, ஆளை மாத்து' என்று இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றி உருட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். கீழ் வரிசைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தலைவரே எழுந்து உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து அவர்களும் கைகளை உருட்டினார்கள். அடுத்த வரிசை உருட்டியது. இரண்டு நிமிடத்தில் எட்டாயிரம் பேரும் எழுந்து நின்று கையை உருட்டி, "தள்ளு! தள்ளு!" என்று கத்த ஆரம்பித்தார்கள். நடுவில் தலைவர் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தார்.

எதிரணிக்கு மட்டும் கண் தெரிந்தது. எங்கள் வலப்பக்கம் கதவில்லாத வீடு. எழுபத்தைந்தாம் நிமிடம் அவர்களுடைய ஆள் ஒருவன் தன்னந்தனியாக ஓடி வந்து அடித்தான். குறுக்குக் கம்பத்தில் பட்ட சத்தம் என் பல்லில் கேட்டது. எண்பத்தொன்றில் எங்கள் கோல்கீப்பர் முகத்தால் தடுத்தார். நூமன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"மெஹ்ரெஸ், நிஜமாவே அவர் அப்படித்தான் சொன்னாரா?"

"சொன்னார்."

"இன்னொரு தடவை கேளேன்."

"சிக்னல் இல்ல."

ஜேபிக்குள் போன் துடித்துக்கொண்டே இருந்தது. இந்த ஆட்டம் தோற்றால் பூகாரேவுக்கு அட்டை போகும், எனக்கு வேலை போகும், ஊர் என்னைக் காபிக்கடையில் உட்காரவிடாது. என் வயதில் மூன்றாவதுதான் பெரிய தண்டனை.

தொண்ணூறு தாண்டி நான்காம் நிமிடம் எங்களுக்கு ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்தது. பூகாரேயை ஒரு தடுப்பாளன் இடுப்பில் குத்தித் தள்ளினான். அவன் தடுமாறி, கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டான். பந்து ஸ்கந்தரின் காலடியில் விழுந்தது. ஸ்கந்தர் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். அந்தப் பந்து மைதானத்தை விட்டு, அநேகமாக ஊரையும் விட்டு வெளியே போயிருக்கும். வழியில் பூகாரேயின் முதுகு இருந்தது. ஒன்பதாம் எண்ணின் சுழியில் பட்டு, திசை மாறி, கோல்கீப்பரின் மறுபக்கமாக உருண்டு உள்ளே போனது.

பூகாரே முகம் குப்புற விழுந்து கிடந்தான். யாரோ தன்னை உதைத்துவிட்டதாக நினைத்து நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அப்புறம்தான் பத்துப் பேர் அவன்மேல் வந்து விழுந்தார்கள். மேற்கு வரிசையில் கட்டிலுக்கு முட்டுக் கேட்டவன், "எங்க பூகாரேடா!" என்று அழுதுகொண்டிருந்தான்.

உடைமாற்றும் அறைக்குப் போகும் நடையில் ஸி ஷெட்லி என்னைத் தேடி வந்தார். கை ஓங்கியே இருந்தது. ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் உள்ளூர் டிவிக்காரன் மைக்கோடு புகுந்தான்.

"தலைவரே, கடைசி இருபது நிமிஷம் டிஃபென்ஸ்ல ஆளை எடுத்துட்டு ரெண்டு ஸ்ட்ரைக்கரோட ஆடினீங்களே! இந்தத் துணிச்சல் யாரோடது?"

ஓங்கிய கை காற்றில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், எட்டாயிரம் பேர் முன்னிலையில் ஒரு பூட்ஸ் கணக்குப் பார்க்கிறவன் அவரை மீறினான் என்று ஆகும். கை மெல்ல இறங்கி மார்பில் படிந்தது.

"இந்த ஊரின் வரலாறு," என்று தொடங்கினார், "துணிச்சலின் வரலாறு. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். பூகாரேமேல எனக்கு என்னிக்குமே சந்தேகம் இருந்ததில்ல. அவன் என் பிள்ளை மாதிரி."

நான் பையைத் திறந்துவிட்டேன்.

"அப்படின்னா ஸி ஷெட்லி, பிள்ளையோட கடுதாசியை மட்டும் பாக்கி வைப்பானேன்? கேமரா ஓடுது."

"இங்க மேசை எங்க இருக்கு?" என்றார் பல்லுக்குள்ளே.

நான் திரும்பிக் குனிந்தேன். என் முதுகில் காகிதத்தை விரித்து அழுத்தினார். டிவிக்காரன் கிட்டே வந்தான். பேனா சட்டையைத் தாண்டித் தோலில் இறங்கியது. கேமராவுக்காக இரண்டு கோடு கூடவே இழுத்து, தேதியையும் தன் கையாலேயே போட்டார். அப்படியே என் காதருகே வந்து, "நாளைக்குப் போனை என் ஆபீஸ்ல வச்சிட்டுப் போ. அப்புறம் இந்தப் பக்கம் உன் மூஞ்சி தெரியக் கூடாது" என்றார். நான் சிரித்தபடி தலையாட்டினேன். அதுவும் ஒளிபரப்பாயிற்று.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் போனை அவருடைய எழுத்தரிடம் கொடுத்தேன். பிறகு பேக்கரியில் ஒரு பெட்டி பேரீச்சம்பழ மக்ரூத் பலகாரம் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போலீஸ் அலுவலகம் போனேன். பூகாரேயும் ஸலாமாட்டாவும் நீளப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். பூகாரே அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கையெழுத்து என்ன இப்படி மலையேறி இறங்குது?"

"அவசரத்துல போட்டார், ஐயா," என்றேன்.

"நேத்துத் தேதி போட்டிருக்கே. நேத்து ஞாயித்துக்கிழமையாச்சே?" பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து, "அட, முதுகால கோல் போட்டவன் நீதானே!" என்று சிரித்து முத்திரை குத்தினார். அட்டை வரவில்லை. அட்டை வரும்வரை செல்லும் ஒரு ரசீது வந்தது. மூன்று மாதத்துக்கு.

பூகாரே சிரிக்கவில்லை. வெளியே படியில் வந்து நின்றான்.

"வெள்ளிக்கிழமையே போட்டாச்சுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"நேத்து அந்தப் பந்து என்மேல படாம போயிருந்தா?"

இன்ஷா அல்லா என் நாக்கு நுனிவரை வந்தது. ஸலாமாட்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எங்கள் பாஷை தெரியாது.

"கடுதாசி இல்ல," என்றேன். "ஒண்ணும் இருந்திருக்காது. உன்னை வெறுங்கையோடதான் இங்க அனுப்பியிருப்பேன்."

அவன் அவளிடம் தங்கள் மொழியில் நாலே வார்த்தை சொன்னான். அவள் பாதி கடித்த துண்டைப் பெட்டியிலேயே வைத்து, மூடி, என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

அவனும் நாலு படி இறங்கினான். பிறகு நின்றான்.

"மூணு மாசம் கழிச்சு இன்னொரு கடுதாசி வேணும். யாருகிட்ட கேக்கறது, அம் மெஹ்ரெஸ்?"

"தெரியலப்பா. நான் இனி அங்க இல்ல."

அவன் ரசீதை நாலாக மடித்துச் சட்டைக்குள்ளே, நெஞ்சோடு ஒட்டி வைத்தான். "நாலு மணிக்குப் பயிற்சி" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. அவளை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தான். தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி அவர்களை நிறுத்தினார். பூகாரே சட்டைக்குள் கையை விட்டான்.