தெருப்பக்கத்து ஜன்னல்

மாணவிகள் குறைந்த வாடகையில் தங்கக் கட்டும் விடுதியில் தெருப்பக்கத்து ஜன்னல்களை அடைக்கச் சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கீழே நின்று மேற்பார்வை பார்த்தார்.

“பொண்ணுங்க எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நின்னா நாங்க எப்படிப்பா நிம்மதியா இருக்கறது?”

“உங்க வீட்ல பாக்க என்னங்க இருக்கு? நீங்க சட்டையில்லாம பேப்பர் படிக்கறதுதான்!” என்றார் கொத்தனார்.

கலவைச் சட்டியைத் தூக்கி வந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. விடுதியில் அவர்கள் மகளுக்கு ஒதுக்கியிருந்தது இப்போது அடைக்கும் இந்த அறைதான். இருப்பதே ஒரு ஜன்னல்.

கொத்தனாருக்குக் கை ஓடவில்லை. செங்கல்லை எடுப்பார், வைப்பார், தெருவைப் பார்ப்பார். கலவையை அள்ளியபோது வித்தியாசமாக இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். வெறும் மண். சிமெண்டே இல்லை.

“என்னடி இது?” என்றார் குரலைத் தாழ்த்தி.

“நம்ம புள்ளைக்கு மூச்சு முட்டினா உள்பக்கமா நாலு கல்லை உருவிக்கட்டும்.”

“மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்.”

“மேல்பூச்சுக்கு நல்ல கலவை தரேன், வெளிய தெரியாது. மசமசன்னு நிக்காம கட்டுய்யா.”

மாடிப்படியில் மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டது. கொத்தனார் சட்டியை உடம்பால் மறைத்துக்கொண்டு, அடுத்த செங்கல்லை அந்த மண்ணிலேயே அழுத்தி வைத்தார்.