சாலையைத் தவிர எல்லாவற்றையும் கடந்தவள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு எழுத்து பொய் என்றாலும் சொல்பவன் நாக்கு சுளுக்கிக்கொள்ளட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அடுத்தவர் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு போக வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்புக் குள்ளியும் அவள் உயிர்த்தோழி நெட்டையும் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கைகோத்துச் சாலையைத் தாண்டினார்கள். நடுவில் கை விட்டுப்போனது. குள்ளி முன்னால் ஓடிவிட்டாள். பின்னால் வந்த நெட்டையை ஒரு வேன் இடித்தது. நெட்டைக்குக் கால் முறிந்தது. குள்ளி மேல் ஒரு கீறல்கூட இல்லை. இல்லாத அந்தக் கீறல்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

அன்று முதல், நடைபாதையின் விளிம்புக்கு வந்தால் அவள் கால் பசை தடவியதுபோல ஒட்டிக்கொள்ளும். வீடு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், இறுதிப் பரீட்சையோ தலைக்கு மேல். நெட்டை ஓயாமல் போன் செய்தாள். குள்ளி எடுக்கவில்லை. அத்தை கூப்பிட்டபோதுதான் அம்மா போனைக் குள்ளியின் காதில் வைத்து அழுத்தினாள்.

"நடந்தது நடந்துபோச்சு. எல்லாத்தையும் கடந்து போகணும் கண்ணு. சரி, கணக்குல எவ்வளவு வாங்குவ?"

"எல்லாத்தையும் கடந்துடுறேன் அத்தை. ரோட்டை மட்டும் விட்டுடுங்க."

அத்தை சிரித்தாள். குள்ளி சிரிக்கவில்லை.

ஆனாலும் தினமும் காலையில் புத்தகத்தோடு போய் அந்த விளிம்பில் நின்றாள். எவ்வளவு நேரம் என்றால், விளக்குக் கம்பம் என்று நினைத்து அவள் முதுகில் ஒருவர் டியூஷன் விளம்பரம் ஒட்டிவிட்டுப் போனார். 'தேர்ச்சி நிச்சயம்' என்று பெரிய எழுத்து. ஒரு தாய் வந்து நம்பரைக் குறித்துக்கொண்டாள். "கொஞ்சம் திரும்பும்மா, கடைசி நம்பர் மடிஞ்சிருக்கு." குள்ளி மரியாதையாகத் திரும்பி நின்றாள். தாண்டத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். தாண்ட முடியாமல் போயும் மறுநாள் வந்து நிற்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்பவர் சுவரில் ஏற்றப் பார்த்தால் மிதிப்பதற்கு. அந்த இருக்கையில் மகளை உட்காரவைத்து அக்கரை சேர்த்துவிடலாம் என்று கிளம்பினார். சாலை வந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அவள் பிரேக்கை மிதித்தாள். இந்த இழுபறியில் கார் ஒரு முழம் நீண்டுவிட்டது. இன்றைக்கும் அதில் ஓர் ஆள் கூடுதலாக உட்காரலாம். மறுநாள் பின்னால் உட்காரவைத்தார். அவள் பிடித்த பிடியில் முன் இருக்கை கையோடு வந்துவிட்டது.

"காரை விட்டுடு பாப்பா. நம்ம பொழப்பே அதுலதான்."

"பரீட்சைக்குப் போகலைன்னா ஒரு வருஷம் போயிடும்னு தெரியும்ப்பா. கால்தான் கேக்க மாட்டேங்குது."

அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு, பின்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பரீட்சை நாள் வந்தது. குள்ளி விளிம்பில் நின்றாள். எதிர்ப்பக்கம், பள்ளிக்கூட வாசலில், இரண்டு ஊன்றுகோலோடு நெட்டை.

"ஏய் குள்ளி! போனை எடுத்தா கை உடைஞ்சிடுமாடி?"

"கால் எப்படிடி இருக்கு?"

"கட்டையும் சேர்த்து நாலு கால் இருக்கு. ரெண்டை வச்சுக்கிட்டு நீ என்னடி பண்ற? வா!"

"முடியலடி!"

"அப்ப நான் வரேன்," என்று நெட்டை ஊன்றுகோலைச் சாலையில் இறக்கி, பாதி தூரம் வந்துவிட்டாள்.

"நில்லுடி!" என்று கத்தினாள் குள்ளி. வண்டிகள் எல்லாம் நின்றன. பேக்கரி மின்விசிறி நின்றது. பறந்துகொண்டிருந்த காக்கை அந்தரத்தில் நின்று, பிறகு ஞாபகம் வந்து சிறகடித்தது. பள்ளிக்கூட மணியின் நாக்கு பாதியில் நின்றது. அன்று பரீட்சை தாமதமானது அதனால்தான். குள்ளியோ தன் கத்தலையே முந்திக்கொண்டு ஓடி நெட்டையிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கத்தல் பின்னால் மூச்சிரைக்க வந்துசேர்ந்தபோது, அதை அவளே காதால் கேட்டாள்.

"லூசாடி நீ? வண்டி வந்தா?"

"அதான் அன்னைக்கே வந்துச்சே."

"அன்னைக்கு உன் கையை விட்டுட்டேன்டி," என்றாள் குள்ளி. அந்த வாக்கியத்தை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நீ எங்க விட்ட? ஷூ லேஸ் அவுந்துச்சு, நான்தான் உருவிக்கிட்டேன். அதைச் சொல்லத்தான் போன் மேல போன் போடுறேன். மகாராணி எடுத்தாத்தானே!"

குள்ளி அழுதாள். சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதாகச் சிலர் சொல்வார்கள். மிகைப்படுத்துகிறார்கள். பாதம் நனையும் அளவுதான்.

வேன் ஓட்டுநர் ஒருவர் தலையை நீட்டினார். "பாப்பா, மிச்சத்தை அந்தப் பக்கம் போய் அழுங்க. எங்களுக்கு வேலை இருக்கு."

"பாதி ரோட்டை நான் தாண்டிட்டேன்," என்றாள் நெட்டை. "மீதி உன் பங்கு."

குள்ளி நிமிர்ந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சத்தியம் செய்தாகிவிட்டது. அவள் முட்டிகள் மோதிக்கொண்ட சத்தத்தை ஹாரன் என்று நினைத்து, பின்னால் நின்ற பஸ் ஒதுங்கி வழிவிட்டது. அப்படியே நடந்தாள். நெட்டையின் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலின் வேகத்துக்கு நடந்தாள். மலை ஏறியவர்கள், கடல் தாண்டியவர்கள் எல்லாம் அவரவர் வீட்டில் படம் மாட்டிவைத்திருப்பார்கள். அந்தப் பாதிச் சாலைக்கு முன்னால் அவர்கள் படத்தைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

இருவரும் நடைபாதையில் ஏறியதும் மணியின் நாக்கு கீழே இறங்கி அடித்தது. குள்ளி பரீட்சை எழுதினாள்.

அந்த ஊரில் அவள் வீடும் பள்ளிக்கூடமும் சாலையின் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. சொல்பவன் நாக்குதான் லேசாகச் சுளுக்குகிறது.