அழாத டீச்சர்

அவளால் புத்தகத்தைப் பிடிக்க முடியாது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். விரல்களில் தொடங்கித் தோள்வரை ஏறிவிட்டது. அதே நோய் வந்த டீச்சர் ஒருத்தி தன் அனுபவங்களை எழுதியிருந்தாள். அந்தப் புத்தகத்தைக் கணவர்தான் வாங்கி வந்து, தினமும் வேலைக்குக் கிளம்புமுன் வாசித்துக் காட்டினார்.

அவருக்குச் செய்தித்தாளில் வேலை. நிருபர்கள் நீட்டி எழுதுவதை வெட்டிச் சுருக்குவது. படித்துக்கொண்டே வெட்டுவது கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது.

அன்று பாதியில் அவள் சொன்னாள்: "போதுங்க. மூடி வைங்க."

"ஏம்மா, அசதியா இருக்கா?"

"அந்த டீச்சரை நினைச்சாலே எரிச்சலா வருது. ஸ்பூன் கீழ விழுந்தா சிரிக்கிறா. சக்கர நாற்காலி வந்தா அதுக்கும் சிரிக்கிறா. இரும்பாலயா செஞ்சாங்க அவளை? நான் ஒருத்திதான் தொட்டதுக்கெல்லாம் அழுதுட்டுக் கிடக்கேன்."

அவர் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். மூன்று பத்திகளைத் தாண்டியிருந்தார்.

"அவளும் அழுதிருக்கா."

"எங்க?"

"நிறைய இடத்துல. நான்தான் படிக்கலை. உனக்குத் தைரியம் வரட்டும்னு..."

அவள் அவரையே பார்த்தாள். "ஆபீஸ் கத்தரியை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டீங்களா? என் சாவுச் செய்தியையாவது முழுசாப் போடுவீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி, விட்டதையும் சேர்த்து வாசித்தார்.

பொத்தான் போட முடியாமல் டீச்சர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். ஜன்னல் வழியே தெருவில் நடப்பவர்களைப் பார்த்து, அவர்கள் கால்கள் விளங்காமல் போகட்டும் என்று சபித்தாள்.

"நானும்தான்," என்றாள் இவள். "நேத்துப் பேப்பர் போடுறவனை."

பல நாட்களுக்குப் பிறகு அவள் முகம் தளர்ந்திருந்தது. அடுத்த பக்கத்தில் டீச்சரால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. இவளுக்கு அது இன்னும் வரவில்லை. அவர் வாசிப்பது நின்றது.

"தாண்டாதீங்க."

வாசித்தார். வார்த்தை வார்த்தையாக. அவர் குரல்தான் இடறியது. அவள் கண் மூடி, தனக்குத் தெரிந்த ஒருத்தியின் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அவ புருஷன்?"

"அவ அழுதப்ப கதவுக்கு வெளியே நின்னுட்டிருந்தார்னு எழுதியிருக்கா."

"நின்னு என்ன பண்ணினாராம்?"

அவர் அந்த வரியை மறுபடி பார்த்தார். அதற்குக் கீழும் பார்த்தார்.

"அதை அவ எழுதலை."

"சரி," என்றாள் கண் திறக்காமலே. "மேல படிங்க."